மாமி வரட்டும், அக்காவும் வரட்டும்

கேள்வி: எனக்கு 27 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். இரண்டாவது பிள்ளை 30 வாரத்திலேயே சிசேரியனில் பிறந்துவிட்டான். எடை 1,280 கிராம். கண்டியில் பெரியாஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளின் பிரிவில் வைத்திருக்கிறார்கள். இன்றோடு 12 நாள். எனக்குத் துண்டு வெட்டி, டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். தாய்மார் தங்கும் அறையில் இருந்துகொண்டு பால் எடுத்துக் கொடுக்கிறேன். கணவர் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார், ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். மூத்த மகளுக்கு 4 வயது, கணவரின் அம்மாவான மாமியிடம் இருக்கிறாள்.

மாமி ஒரு தடவை வந்தார். வார்ட் வாசலில் நின்று, "எங்க குடும்பத்துல யாருக்கும் இப்படி முந்திப் பொறந்ததில்ல, வயித்தோட மலைக்கு வேலைக்குப் போனதாலதான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். சோறு கொண்டுவருகிறேன் என்றார், நான் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் அம்மா கொழுந்து பறிக்கிறவர். வந்தால் அன்றைய பேர் (நாள் கூலி) போய்விடும் என்று அவரையும் தடுத்துவிட்டேன். கம்பளையில் இருக்கும் அக்காவோடு வீட்டு விஷயத்தில் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. இப்போது "நான் வரட்டுமா" என்று மெசேஜ் போட்டிருக்கிறாள், பதில் போடவில்லை. கணவரின் அண்ணன் காசு அனுப்பினார், அதைத் திருப்பி அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். வாங்கினால் நாளைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். பெற்றவள் நான், நானே பார்த்துக்கொள்வதுதானே முறை? ஆனால் ராத்திரியில் அழுகை வருகிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்பான தங்கைக்கு,

உங்கள் மகன் 12 நாளாக உங்கள் பாலைக் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வயிற்றில் தையலோடு, ராத்திரியிலும் எழுந்து அதைச் செய்கிறீர்கள். இதை யாரும் உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நான் முதலில் சொல்கிறேன்.

நான் குறைமாதப் பிள்ளைகளின் பிரிவில் நெடுங்காலம் தாதியாக வேலை செய்தவள். இப்போது தாய்மாருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஆலோசனை சொல்கிறேன். நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் இதுதான்: அவர்களை வரவிடுங்கள். ஆனால் யார் வருவது, எந்த வேலைக்கு வருவது, எதைப் பேசக்கூடாது என்பதை நீங்கள் சொல்லுங்கள். இப்போது உங்களிடம் வரும் உதவி எல்லாம் கலந்து வருகிறது. சோறும் குத்தலும் ஒரே கையில் வருகிறது. குத்தல் வலிப்பதால் சோற்றையும் தள்ளிவிடுகிறீர்கள். அதைப் பிரித்து வாங்க முடியும்.

அதற்கு முன்னால் மாமி சொன்ன விஷயத்தை முடித்துவிடலாம். மலைக்குப் போனதால்தான் உங்கள் பிள்ளை முந்திப் பிறந்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. 37 வாரத்துக்கு முன் பிறப்பது உலகம் முழுக்க நடக்கிறது, எல்லா வேலை செய்யும் பெண்களுக்கும், வீட்டிலேயே இருந்த பெண்களுக்கும் நடக்கிறது. தாயின் இரத்த அழுத்தம் கூடுவது, கிருமித்தொற்று, நஞ்சுக்கொடியில் கோளாறு, இரட்டைப் பிள்ளைகள் என்று சில காரணங்கள் தெரியும். பல தாய்மாருக்கு எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைப்பதே இல்லை. உங்களுக்கு ஏன் சிசேரியன் செய்தார்கள் என்பது உங்கள் ஆஸ்பத்திரி டிக்கெட்டில் எழுதியிருக்கும். வார்ட் டொக்டரிடம் ஒருமுறை நேராகக் கேட்டு, அந்தக் காரணத்தைத் தமிழில் ஒரு வரியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாமிக்குச் சொல்ல மட்டுமல்ல, ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் மனமே உங்களைக் கேள்வி கேட்கும்போது படித்துப் பார்க்கவும் அது வேண்டும்.

இப்போது உங்கள் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறைமாதப் பிள்ளையின் தாய் 24 மணி நேரத்தில் குறைந்தது 8 தடவை பால் எடுக்க வேண்டும், அதில் ஒரு தடவையாவது நடு ராத்திரியில். பிள்ளை வாயால் உறிஞ்சாததால், நீங்கள் எடுக்கிற தடவைகளை வைத்துத்தான் உடம்பு எவ்வளவு சுரப்பது என்று முடிவு செய்கிறது. முதல் இரண்டு கிழமைகளில் நன்றாக எடுத்தால் பிறகும் பால் நிற்கும். கை கழுவி, எடுத்து, பாத்திரம் கழுவிக் கொதிநீரில் போட்டு, கொண்டுபோய்க் கொடுத்து வர ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதுவே 6 மணி நேரம். அப்புறம் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து வைத்திருக்கும் நேரம். டொக்டர் அனுமதித்ததும் அது நாளுக்கு 8 மணி நேரமாவது இருக்க வேண்டும், கூட இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2022 இல் சொல்லியிருக்கிறது. தூக்கத்துக்கு 6 மணி நேரம் வைத்தால் 20 ஆகிவிட்டது. மிச்சம் 4 மணி நேரம். அதற்குள் நீங்கள் சாப்பாடு வாங்க வரிசையில் நிற்க வேண்டும், சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், டொக்டர் வரும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும், மகளோடு பேச வேண்டும், பத்துப் பேருக்குப் போனில் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். முடியாது தங்கச்சி. யாராலும் முடியாது. ஏதோ ஒன்று விழும், பெரும்பாலும் முதலில் விழுவது உங்கள் தூக்கம், அடுத்தது பால்.

சோற்றை வேறு யாரும் ஆக்கலாம். துணியை வேறு யாரும் துவைக்கலாம். பாலை நீங்கள் மட்டும்தான் கொடுக்க முடியும். நீங்கள் உதவி வேண்டாம் என்று சொல்லும்போது மிச்சமாவது உங்கள் ரோசம், குறைவது பிள்ளையோடு இருக்கும் நேரம். இதைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். ஆனால் வார்டில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவள் நான். எல்லாவற்றையும் தானே செய்த தாய்க்கு மூன்றாம் கிழமையில் பால் வற்றத் தொடங்கும், அதற்கும் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாள்.

சரி, யார் எதைச் செய்வது? உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. மாமியும் அம்மாவும் தலவாக்கலையில் இருக்கிறார்கள். அங்கிருந்து கண்டிக்கு வர அரை நாள் பஸ்ஸிலேயே போய்விடும், கொண்டுவரும் சோறும் ஆறிப்போகும். அக்கா மட்டும் கம்பளையில். ஒரு மணி நேர பஸ் பயணம். நீங்கள் பேசாமல் இருக்கும் ஆள்தான் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறாள்.

அக்காவோடு சண்டை வீட்டைப் பற்றியது. அதை இப்போது தீர்க்க வேண்டிய தேவை இல்லை, மன்னிப்புக் கேட்கவோ கொடுக்கவோ வேண்டிய தேவையும் இல்லை. "வா அக்கா. வீட்டு விஷயத்தை இப்ப பேச வேணாம், பிள்ளை வீட்டுக்கு வந்த பொறகு பேசுவோம். கிழமையில ரெண்டு நாள் சோறு கொண்டுவந்து, என் துணிய எடுத்துக்கிட்டுப் போனா அதுவே பெரிய உதவி" என்று எழுதலாம். இதில் நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வருஷம் பேசாமல் இருந்தவள் முதல் அடியை எடுத்து வைத்திருக்கிறாள். அவளுக்கும் அது லேசாக இருந்திருக்காது. வந்த இடத்தில் அவள் பழைய கதையை எடுத்தால், "பிள்ளைக்குப் பால் எடுக்குற நேரம் அக்கா" என்று எழுந்து உள்ளே போய்விடுங்கள். அந்த வாசலைத் தாண்டி யாரும் உங்களைப் பின்தொடர முடியாது.

சோறு என்று வரும்போது ஒரு வார்த்தை. பத்தியம் என்ற பெயரில் காய்கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தி, தண்ணீரையும் அளந்து கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டாம். வயிறு நிறையச் சோறு, பருப்பு, கீரை, முட்டை அல்லது மீன், தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர். வெள்ளைப்பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை எல்லாம் நல்லதுதான், ஆசையாகச் சாப்பிடுங்கள். ஆனால் அரிஷ்டம், பெயர் தெரியாத சூரணம், லேகியம் யார் கொண்டுவந்தாலும் டொக்டரிடம் காட்டாமல் குடிக்கக் கூடாது. அரிஷ்டத்தில் மதுசாரம் உண்டு. பாலோடு அது போய்ச் சேரும் உடம்பு ஒன்றரைக் கிலோகூட இல்லை.

அடுத்து மாமி. இவரைப் பற்றித்தான் உங்களுக்குக் கோபம் அதிகம், அந்தக் கோபம் நியாயம். ஆனாலும் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். உங்கள் மகளை 12 நாளாகப் பார்த்துக்கொள்வது யார்? நீங்கள் மாமியின் உதவியை மறுத்துவிட்டதாக நினைக்கிறீர்கள். இந்தக் குடும்பத்தில் இப்போது நடக்கும் மிகப் பெரிய உதவியை அவர்தான் செய்துகொண்டிருக்கிறார். நான்கு வயதுப் பிள்ளைக்கு விடிய எழுப்பி முகம் கழுவி, முன்பள்ளிக்கு அனுப்பி, ராத்திரி அம்மா எங்கே என்று கேட்கும்போது சமாதானம் சொல்வது சின்ன வேலை இல்லை. அதை அவரிடம் சொல்லுங்கள். உதவி செய்கிறவருக்குத் தன் வேலை கண்ணில் படுகிறது என்று தெரிந்தால், அதற்கு மேல் எதையாவது செய்ய வேண்டும், சொல்ல வேண்டும் என்ற பதற்றம் குறையும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பேரனுக்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்ற பயத்தில்தான் பல பெரியவர்கள் காரணம் தேடத் தொடங்குகிறார்கள். அது நியாயம் என்று நான் சொல்லவில்லை. பேச்சை நிறுத்தச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

அதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாமி, பாப்பாவ நீங்க பார்த்துக்கிறதாலதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன். ஆனா மலைக்குப் போனதால பொறந்தான்னு இனிமே சொல்லாதீங்க. டொக்டர்கிட்ட காரணத்த கேட்டு எழுதி வச்சிருக்கேன். அந்தப் பேச்ச கேட்டா எனக்குப் பால் எடுக்கவே முடியல." முதல் வாக்கியம் உண்மை, கடைசி வாக்கியமும் உண்மை. மனம் கலங்கினால் பால் இறங்குவது தடைப்படும், மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது. உங்கள் வாயால் சொல்ல முடியாவிட்டால் கணவரிடம் சொல்லுங்கள். தன் அம்மாவிடம் இதைப் பேச வேண்டியது அவர்தான். கொழும்பில் இருந்தபடியே அவர் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிட முக்கியமானது ஏதும் இல்லை.

மாமிக்கு இன்னொரு வேலையும் கொடுங்கள். கோயிலுக்கு நேர்த்தி வைக்க, விளக்கேற்ற, தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ள அவரிடமே விடுங்கள். அவருக்குக் கையில் ஒரு வேலை இருக்கும். கறுப்புக் கயிறு, காப்பு, பிள்ளையின் நாக்கில் தேன், சேனை, மூக்கில் எண்ணெய், சாம்பிராணிப் புகை, இவை மட்டும் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். குறைமாதப் பிள்ளையின் தோலும் நுரையீரலும் குடலும் இன்னும் முற்றாதவை. இதை "மிஸ் வேண்டாமுன்னு சொல்லிட்டாங்க" என்று எங்கள் தலையில் போடுங்கள். தாதிமார் அந்தப் பழியைச் சுமக்கத் தயாராகத்தான் இருக்கிறோம்.

மகளிடம் என்ன சொல்வது என்பதையும் மாமியோடு பேசி ஒரே கதையாக வைத்துக்கொள்ளுங்கள். தம்பி சின்னதாகப் பிறந்துவிட்டான், பெரிதாகும் வரை டொக்டர் மாமா பார்க்கிறார், அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு வருவேன். அவ்வளவு போதும். "சேட்டை பண்ணினா அம்மா வரமாட்டா" என்று விளையாட்டுக்குக்கூட யாரும் சொல்லக்கூடாது. அவள் திரும்பப் படுக்கையை நனைக்கலாம், ஊட்டிவிடச் சொல்லலாம். அடிக்காமல் விட்டால் தானாகப் போய்விடும். தினமும் அவள் தூங்கும் முன் ஒரே நேரத்தில் போனில் முகம் காட்டுங்கள்.

அம்மாவின் பேரைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது எனக்கு நன்றாகப் புரிகிறது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர் போடும் இடத்தில் ஒரு நாளை விடுவது என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அதனால் அம்மாவை இப்போது வேலை நாளில் வரச் சொல்ல வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் "வராதே" என்பதோடு நிறுத்தினால், மகள் படும் பாட்டைக் கேட்டுக்கொண்டு மலையில் நிற்கும் அம்மாவுக்கு அது தாங்காது. ஞாயிற்றுக்கிழமையோ போயா நாளோ ஒரு தடவை வரட்டும். மற்ற நாளில் வேலை முடிந்து வந்ததும் மாமி வீட்டுக்குப் போய்ப் பேத்தியோடு ஒரு மணி நேரம் இருக்கட்டும். மாமிக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும், மகளுக்கும் அம்மாயியின் மடி கிடைக்கும். அம்மாவின் விடுமுறையைச் சேமித்து வையுங்கள். பிள்ளை வீட்டுக்கு வந்த முதல் கிழமைதான் அவர் உங்களுக்கு அதிகம் தேவைப்படுவார்.

காசைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் கட்டணம் இல்லை என்றாலும் பஸ் காசு, சாப்பாடு, நெப்பி, போன் ரீலோட் என்று அது கரைந்துகொண்டே போகும். ஒரு கொப்பியில் எதற்குச் செலவானது என்று எழுதி வைத்து, கணவர் அவர் அண்ணனிடம் ஒருமுறை சொல்லட்டும். கடனா, கொடையா என்பதையும் இப்போதே கேட்டுவிடலாம். சொல்லிக்காட்டுவார்கள் என்ற பயத்துக்கு அந்தக் கொப்பியே போதும்.

பெற்றவளே பார்த்துக்கொள்வதுதானே முறை என்று கேட்டீர்கள். குடும்பமும் சேர்ந்து பார்ப்பதுதான் முறை. பிள்ளையை நெஞ்சோடு தோலில் தோல் படும்படி அணைத்து வளர்க்கும் முறையைக் கங்காரு பராமரிப்பு என்கிறோம். அது 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் எட்கார் ரெய் என்ற டொக்டர் தொடங்கியது. அங்கே கண்ணாடிப் பெட்டிகள் போதவில்லை, ஒரே பெட்டியில் பல பிள்ளைகளை வைக்க வேண்டியிருந்தது, கிருமித்தொற்று பரவியது. அதனால் தாயின் நெஞ்சுச் சூட்டிலேயே பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். அந்த வழி இன்று வசதியான நாடுகளிலும் நடக்கிறது. பிள்ளையின் சூடு, மூச்சு, இதயத் துடிப்பு சீராகின்றன, தொற்று குறைகிறது, தாய்க்குப் பாலும் கூடுகிறது. தாயால் முடியாத நேரத்தில் தகப்பனோ வேறு உறவினரோ அப்படி அணைத்து வைத்திருக்கலாம். ஆஸ்பத்திரியிலேயே பிள்ளையின் அன்றாடப் பராமரிப்பில் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் 2022 இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன பரிந்துரைகளில் ஒன்று. ஆகவே ஞாயிற்றுக்கிழமை கணவர் வரும்போது, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகச் சொல்லாதீர்கள். குளித்து, சுத்தமான, முன்பக்கம் பட்டன் உள்ள சட்டை போட்டு வரட்டும். அன்றைக்கு இருமல், சளி, காய்ச்சல், தோலில் புண் இருந்தால் மட்டும் வேண்டாம். சுருட்டு, சிகரெட் குடிக்கிறவர் என்றால் அன்றைக்குக் குடிக்கவே கூடாது. பிரிவுப் பொறுப்புத் தாதியிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் விதி கொஞ்சம் வேறாக இருக்கும். அவர் பிள்ளையை இரண்டு மணி நேரம் நெஞ்சில் வைத்திருந்தால் நீங்கள் இரண்டு மணி நேரம் தூங்கலாம். தகப்பனுக்கும் அதற்குப் பிறகு பிள்ளையின் மேல் பயம் தெளியும்.

மொழி விஷயம். உங்கள் கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் தோட்டத்திலிருந்து கண்டிக்கு வரும் தாய்மார் எத்தனையோ பேர் டொக்டர் சிங்களத்தில் சொன்னதைப் பாதி புரிந்து, மீதியைப் பயத்தால் நிரப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான், தமிழில் விளக்கம் கேட்கத் தயங்க வேண்டாம். அப்படி ஆள் இல்லாத நேரம், குடும்பத்தில் சிங்களம் நன்றாகப் பேசுகிறவர் யார்? கொழுந்தனோ, கொழும்பில் வேலை செய்யும் சித்தப்பா மகனோ இருக்கலாம். பணம் கொடுக்க முடியாத, சமைக்கத் தெரியாத ஆளுக்கும் இந்த வேலை உண்டு. டொக்டர் பேசும் நேரத்துக்குப் போனிலாவது இருந்து மொழிபெயர்க்கட்டும். ஆனால் டொக்டர் சொல்வதை முதலில் கேட்பது நீங்கள்தான். உங்களை வெளியே வைத்துவிட்டு ஆண்கள் மட்டும் கேட்டு வந்து, "எல்லாம் சரியாயிடும்" என்று சுருக்கிச் சொல்ல விடாதீர்கள். இன்றைய எடை, எத்தனை மில்லி பால், மூச்சுக்கு உதவி கொடுக்கிறார்களா, மஞ்சள் இருக்கிறதா, இந்த நான்கையும் தினமும் கேட்டு எழுதுங்கள்.

மொழிபெயர்க்கிற அவரே குடும்பத்துக்குச் செய்தி சொல்லும் ஆளாகவும் இருக்கட்டும். ராத்திரி ஒரு நேரத்தில் நீங்கள் அவருக்கு மட்டும் சொல்லுங்கள், அவர் மற்றவர்களுக்குச் சொல்லட்டும். "எப்படி இருக்கான்" என்று பத்துப் பேர் கேட்பது அன்பால்தான். ஆனால் பத்துத் தடவை பதில் சொல்ல உங்களிடம் தெம்பு இல்லை.

எதையெல்லாம் தயங்காமல் மறுக்கலாம்? குழாயோடு படுத்திருக்கும் பிள்ளையைப் படம் எடுத்து பேஸ்புக்கில் போடுவதை. குடித்துவிட்டு வருகிறவரை. சளியோடு வந்து, "தூரத்துல நின்னு பார்த்துட்டுப் போறேன்" என்பவரை. இன்னொரு வீட்டில் குறைமாதப் பிள்ளை இறந்த கதையை வாசலில் உட்கார்ந்து சொல்கிறவரை. பால்மா டின் வாங்கி வந்து, "உன் பாலு பத்தாது, இத குடு" என்பவரையும் மறுக்கலாம். இந்தப் பிள்ளைகளின் குடல் அழுகும் கொடிய நோய் ஒன்று உண்டு, தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது வருவது குறைவு. பால் குறைகிறது என்று தோன்றினால் பேச வேண்டியது வார்டில் உள்ள தாதியோடு. தீட்டு முடியாமல் வரமாட்டோம் என்று சொல்லும் பெரியவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவர்கள் வீட்டிலிருந்து செய்ய எவ்வளவோ இருக்கிறது.

ராத்திரியில் அழுகை வருவதைப் பற்றிக் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது முதல் வரி. பெற்ற சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது அநேகம் பேருக்கு உண்டு, இரண்டு கிழமைக்குள் தணிந்துவிடும். நீங்கள் 12 ஆம் நாளில் இருக்கிறீர்கள். இன்னும் சில நாளில் அது குறையாமல், தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல், பிள்ளையைப் போய்ப் பார்க்கவே மனமில்லாமல், நான் இல்லாவிட்டால் நல்லது என்ற நினைப்பு வந்தால், அன்றைக்கே வார்ட் டொக்டரிடம் சொல்லுங்கள். 1926 என்பது தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம், எந்த நேரமும் அழைக்கலாம். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு வைத்தியம் உண்டு, குணமாகும். உடம்பில் காய்ச்சல், தையலில் சீழ், அதிக இரத்தப் போக்கு, தாங்க முடியாத தலையிடி, ஒரு காலில் மட்டும் வீக்கம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். நீங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தும், பிள்ளையைப் பார்க்கும் அவசரத்தில் உங்கள் நோயை மறைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. வருகிறவர்களில் ஒருவரிடம், அது அக்காவாக இருந்தால் நல்லது, "என்னையும் பார்த்துக்கோ" என்று சொல்லி வையுங்கள்.

பிள்ளை எப்போது வீட்டுக்கு வருவான்? தானாக உறிஞ்சிக் குடிக்கும் பக்குவம் 34 வாரத்தை ஒட்டித்தான் வரும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விடுவதை ஒன்றாகச் செய்யத் தெரிய வேண்டும், பெட்டிக்கு வெளியே உடம்புச் சூட்டைக் காக்க வேண்டும், எடை ஏற வேண்டும், மூச்சு நின்று நின்று வரும் பிரச்சினை விட்டுப் போக வேண்டும். அநேகம் பிள்ளைகள் பிறக்க வேண்டியிருந்த திகதியை ஒட்டியோ அதற்குச் சில கிழமை முன்னரோ வீடு போவார்கள். ஆகவே இன்னும் சில கிழமைகள் இருக்கின்றன. அதற்குள் வீட்டைத் தயார் செய்யும் வேலையை மாமாவுக்கும் கொழுந்தனுக்கும் கொடுங்கள். மலைநாட்டுக் குளிர் இந்தப் பிள்ளைக்கு ஆகாது, லயத்துக் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) விறகடுப்புப் புகை அதைவிட ஆகாது. அடுப்பைப் பின்பக்கம் தள்ளிப் போட முடியுமா, பிள்ளை படுக்கும் பக்கம் காற்று புகும் ஓட்டையை அடைக்க முடியுமா, கூரை ஒழுகுகிறதா என்று அவர்கள் இப்போதே பார்க்கட்டும். கைக்குழந்தை இருக்கும் காம்பராவில் யாரும் சுருட்டுப் பிடிக்கக் கூடாது என்பதை மாமாவே சொன்னால் எடுபடும்.

தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தருக்கு, நம் பக்கம் மிட்வைஃப் மிஸ் என்போம், பிள்ளை எங்கே இருக்கிறான் என்று அம்மா இந்தக் கிழமையே சொல்லி வைக்கட்டும். வீடு வந்ததும் எடை பார்க்க அவர் வரவேண்டும். பால் குடிக்க மறுத்தால், தொட்டால் குளிர்ந்திருந்தால், மூச்சு வேகமாக வாங்கினால், உதடு நீலமானால், உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறினால், வலிப்போ காய்ச்சலோ வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். உங்கள் லயம் வரைக்கும் அந்த வண்டி வருமா, வராவிட்டால் பாதை வரைக்கும் யாருடைய ஆட்டோ வரும் என்பதைக் கொழுந்தன் இப்போதே விசாரித்து, அந்த ஆட்டோக்காரரின் இலக்கத்தை வீட்டுச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

இன்னும் ஒன்று. 30 வாரத்தில் பிறந்தவன் என்பதால் பிறந்து ஏறக்குறைய நான்கு கிழமையில் கண்ணுக்குள் பரிசோதனை செய்வார்கள், காதும் பார்ப்பார்கள். அதற்குப் பிறகும் கண் கிளினிக்குக்கு வரச் சொல்லித் திகதி போட்டுக் கொடுக்கலாம். அந்தத் திகதியைத் தவறவிட்டால் பார்வையே போகும் ஆபத்து உண்டு. துண்டு வெட்டும் நாளில் அந்தத் திகதிகளை அக்காவின் போனிலும் கணவரின் போனிலும் பதிந்துவிட்டு, கிளினிக்குக்கு முதல் நாள் கம்பளையில் அக்கா வீட்டில் தங்க முடியுமா என்று அவளிடம் கேளுங்கள்.